மாட்டு வாய்க்குள்ள போன கை

நாய் கடிச்சா என்னா பண்ணணும்னு இப்பல்லாம் ஆஸ்பத்திரி செவுத்துல படம் போட்டு ஒட்டியிருக்கறாங்க. எனக்கு எழுத்து தெரியாது, படத்த மட்டும் பாப்பேன். கொழாயில கைய நீட்டிக்கினு ஒருத்தர் நிக்கறது ஒரு படம். சோப்பு ஒண்ணு, ஊசி ஒண்ணு. பல்லக் காட்டிக்கினு ஒரு நாயி. அந்தப் படத்துல எங்க தேடினாலும் மாடு இல்ல. எங்க ஊட்டுக்கு அந்த வெஷம் வந்தது மாட்டு வழியாத்தான். அதனாலதான் இதச் சொல்லி வெக்கணும்னு தோணுது. நான் மெதுவாத்தான் சொல்லுவேன். நடுவுல வேற எங்கனா போயிட்டு வருவேன், பொறுத்துக்கங்க.

நாங்க சிங்காரப்பேட்டைப் பக்கத்து ஆளுங்க. அங்க மானம் பாத்த பூமி. மழ வந்தா கல்லக்கா, அதான் வேர்க்கடல, வெளையும், வரலன்னா கல்லுதான். எம்பையனுக்கு ஓசூர்ல ஒரு கம்பெனியில வேல கெடச்சி, அவன் போனான், அவன் பின்னாலயே நாங்களும் வந்துட்டோம். பேரிகை போற ரோட்டுல ஒரு ஊர்ல ஊடு புடிச்சோம். ஊருன்னா, ஒரு பக்கம் கம்பெனி காம்பவுண்டு, இன்னொரு பக்கம் முட்டக்கோசுத் தோட்டம், பிளாஸ்டிக் கூர போட்ட ரோசாப்பூ கொட்டாய். பால்காரன் கன்னடத்துல பேசுவான், கடைக்காரன் தெலுங்குல பேசுவான், கம்பெனி பசங்க திருநெல்வேலி பாஷயில பேசுவாங்க. வந்த புதுசுல எம்பொண்டாட்டி, இது எந்த நாடுய்யான்னு கேப்பா.

சும்மா ஒக்கார முடியாம ஒரு செவல மாடு வாங்கினோம். அதுக்குத் தீனி செலவே இல்ல. இங்க கோசு அறுத்தா வெளி எலய பூரா தோட்டத்துலயே ஒடச்சிப் போட்டுடுவாங்க. கேட்டா அள்ளிக்கினு போன்னுவாங்க. நான் சைக்கிள்ல ரெண்டு மூட்ட கட்டிக்கினு வருவேன். எலயோட தண்டும் வரும். அந்தத் தண்டு இருக்குதே, அது கட்ட மாதிரி. மாடு அவசரத்துல மெல்லாம முழுங்கிச்சின்னா தொண்டையில குறுக்க நின்னுக்கும். வாயில எச்சியா ஊத்தும், கழுத்த நீட்டும், வயிறு ஊதும். கவனிக்கலன்னா மாடு போயிடும்.

இங்கதான் எம்பொண்டாட்டியப் பத்தி சொல்லணும். அவளுக்கு கை சின்னது. வளையக்காரம்மா ஸ்கூல் போற புள்ளைங்களோட வளையலத்தான் எடுத்துப் போடும். எங்க பக்கத்துல மாங்கா சீசன்ல மாடுங்க தொண்டையில மாங்கொட்ட மாட்டிக்கும். அப்பல்லாம் இவளத்தான் கூப்புடுவாங்க. ஒருத்தர் மாட்டு நாக்க துணியில சுத்தி வெளிய இழுத்து ஓரமா புடிச்சிக்கணும். அப்புடி புடிச்சா மாடு வாய மூடாது, மூடினா அது நாக்குதான் மொதல்ல அதும் பல்லுல மாட்டும். இவ மேலண்ணத்த ஒட்டினாப்புல கைய உள்ள உடுவா, முழங்கை வரைக்கும் போவும், கொட்டையோட வெளிய வருவா. அப்புறம் அந்த ஊட்டுல காப்பி குடுப்பாங்க. ஓசூர் வந்தப்புறமும் அந்தப் பேரு பரவிடுச்சி. கோசுத் தண்டு மாட்டினா எங்க ஊட்டு வாசல்ல வந்து நிப்பாங்க. பக்கத்து ஊட்டுல ஒரு தெலுங்கம்மா, அதுதான் எப்பவும் நாக்கு புடிக்கும். ரோசாப்பூ கொட்டாயில பூ அறுக்கற வேல அதுக்கு. இவளுக்கு கூடப்பொறந்தவ மாதிரி. ரெண்டு பேரும் இவ தமிழு, அது தெலுங்கு, அவங்கவங்க பாஷயிலயே பேசிக்குவாங்க, சண்டகூட போட்டுக்குவாங்க.

நாயப் பத்தி இப்ப சொல்றேன். கம்பெனி கேண்டீன்ல மிச்சம் மீதி சோத்த காம்பவுண்டுக்கு வெளிய கொட்டுவாங்க. அதத் தின்னுட்டு நாயிங்க கூட்டமா பெருகிக்கிடக்கும். சிப்டு முடிஞ்சி பசங்க சைக்கிள்லயும் வண்டியிலயும் வந்தா தொரத்தும். பசங்க பயந்துக்கினு வேகமா முறுக்குவாங்க, அது இன்னும் தொரத்தும். நான் சொல்லுவேன், எறங்கி நில்லுங்கடா, சைக்கிள நடுவுல வெச்சிக்குங்க, கண்ண பாக்காதீங்க, முதுகக் காட்டி ஓடாதீங்க, அது சலிச்சிப் போயிடும்னு. குட்டி போட்ட நாயி கிட்ட போவாதீங்க, சோறு திங்கறப்ப தொடாதீங்க, தூங்கறத மிதிக்காதீங்கன்னுவேன். தாத்தா, நீயே வந்து நின்னு காட்டுன்னு கிண்டல் பண்ணுவாங்க. அதெல்லாம் நல்லா இருக்கற நாய்க்கு. வெறி புடிச்ச நாயி வேற. அது கொலைக்காது. வாலத் தொங்கப் போட்டுக்கினு நேரா ஒரே போக்கா போவும், எதுக்க எது வந்தாலும் கவ்வும், கல்லா இருந்தாலும் கவ்வும்.

அப்புடி ஒண்ணு மார்கழி மாசம் காலையில பனியில வந்துச்சி. செவலைய புளிய மரத்துல கட்டியிருந்தேன். சத்தமே இல்ல. மாடு முக்காரமிட்டப்பதான் எட்டிப் பாத்தோம். நாயி மாட்டு மூக்குல தொங்குது. எம்பொண்டாட்டி தொடப்பக்கட்டைய எடுத்துக்கினு ஓடினா, அதுக்குள்ள அது உட்டுட்டு, மரத்துல ஒரு கடி கடிச்சிட்டுப் போயிடுச்சி. மத்தியானம் கம்பெனி பக்கம் யாரோ அடிச்சிப் போட்டுட்டாங்கன்னு சொன்னாங்க. மனுசர யாரையும் கடிக்கல. கடிச்சிருந்தா ஊரே பேசியிருக்கும், ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பாங்க. மாட்டு மூக்குல ஒரு கீறலு, அவ்வளவுதான். மஞ்சளும் வேப்பெண்ணையும் தடவினோம். பொங்கலுக்கு முன்னாலயே ஆறிடுச்சி. ஆறினதும் அந்த நெனப்பும் போயிடுச்சி. மாட்டுப் பொங்கலுக்கு கொம்புக்கு பெயிண்டு அடிச்சி, பலூன் கட்டி, ஊர்வலம் உட்டோம். அப்ப அது ஆறு மாசம் சென.

மாசியில ஒரு நாளு காலையில செவல தீனி எடுக்கல. வாயில எச்சி நூலு நூலா தரைக்கும் வாய்க்கும் தொங்குது. தண்ணித் தொட்டிகிட்ட போவுது, மூக்க வெக்குது, இழுத்துக்குது. தொண்டையில என்னமோ இருக்கற மாதிரி கழுத்த நீட்டி நீட்டி கத்துது. கொரலு கரகரன்னு மாறிப்போச்சி. முன்னாடி நாளு நான்தான் ஒரு மூட்ட கோசு கொண்டாந்து போட்டேன். வேற என்னா நெனைப்போம். யாரா இருந்தாலும் தண்டுன்னுதான் நெனைச்சிருப்பாங்க.

தெலுங்கம்மா வந்து நாக்க புடிச்சிச்சி. எச்சி வழுக்குது, துணி நிக்கல, வெறுங்கையிலயே புடிச்சிச்சி. எம்பொண்டாட்டி முழங்கை வரைக்கும் உள்ள உட்டு தொழாவறா. ஒண்ணும் இல்லய்யா, இன்னும் உள்ள இருக்குதுங்கறா. அந்த மாடு என்னைக்கும் அப்புடி முரண்டு புடிச்சதில்ல. தலைய ஒதறிச்சி, நாக்கு கைய உட்டு நழுவி, கடவாப்பல்லு இவ மணிக்கட்டுல ஒரு இழுப்பு இழுத்துடுச்சி. தோலு பேந்து ரத்தம். அவ புடவையில தொடச்சிக்கினு மறுபடியும் உட்டா. தண்டு இல்ல.

காயத்துக்கு அவ சுண்ணாம்பும் மொளகாப்பொடியும் கொழச்சி அப்பிக்கினா. எங்க பக்கத்துல எந்தக் கடிக்கும் அதான். எரிஞ்சா வெஷம் முறியுதுன்னு அர்த்தம்னு சொல்லுவாங்க. அவளுக்கு கண்ணுல தண்ணி வந்துச்சி, நல்லா எரியுதுன்னு சந்தோசமா சொன்னா.

மறுநாளு மாட்டு டாக்டரு வந்தாரு. எப்பவும் வந்தா நேரா மாட்டுகிட்ட போயி வயித்துல தட்டிப் பாப்பாரு. அன்னைக்கு வேலிகிட்டயே நின்னுட்டாரு. மாடு பின்னங்காலு தள்ளாட, மரத்த முட்டிக்கினு இருந்துச்சி. கொஞ்ச நேரம் பாத்தாரு. சமீபத்துல நாயி ஏதாவது கடிச்சிதான்னு கேட்டாரு. மூக்குலன்னு சொன்னேன். அவரு மொகம் மாறினத நான் பாத்தேன்.

"இது வாயில யாரு கைய உட்டீங்க?"

எம்பொண்டாட்டி கைய பின்னால மறைச்சிக்கினா, புள்ளைங்க திருடித் தின்னா மறைக்குமே அந்த மாதிரி. அவரு கிட்ட வந்து, காட்டும்மான்னாரு. அந்த மொளகாப்பொடியப் பாத்துட்டு தலையில கைய வெச்சிக்கினாரு. கொழாயடிக்கு கூட்டிக்கினு போயி, சோப்பு போட்டு, தண்ணிய தெறந்து உட்டு, கால்மணி நேரம் நிறுத்தாம கழுவச் சொன்னாரு. நேத்தே இத செஞ்சிருக்கணும், ஆனா இப்பவும் செய்யணும், அந்த எச்சிதாம்மா வெஷம், ஒரு கீறலுல பட்டாலே போதும், அது கழுவ கழுவத்தான் போவும், தேய்ச்சா உள்ளதான் போவும்னாரு. சுண்ணாம்பு, மொளகா, காப்பித்தூளு, எண்ண எதுவும் வெக்காத, இறுக்கிக் கட்டும் போடாதன்னாரு. என்னைத் தனியா கூப்புட்டு, மாடு பொழைக்காது, அத உட்டுடுங்க, இந்தம்மாவ இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்கு கூட்டிக்கினு போங்கன்னாரு. இது வந்துடுச்சின்னா அப்புறம் ஒலகத்துல மருந்து இல்லன்னாரு.

எம்பொண்டாட்டி ஒண்ணும் நடக்காத மாதிரி நின்னா. ஊசிக்கு வரமாட்டேன்னு ஒரே புடி. அவளுக்கு ஏன் அப்புடின்னா, அவ சின்னப்புள்ளயா இருந்தப்ப அவ அண்ணன நாயி கடிச்சி, ஊத்தங்கரையில தொப்புளச் சுத்தி ஊசி போட்டாங்க. தெனமும் நடத்தி கூட்டிக்கினு போவாங்களாம். இவதான் அண்ணன் கையப் புடிச்சிக்கினு இருப்பாளாம். வயிறு வீங்கி, குனிய முடியாம, படுக்க முடியாம அந்தப் பையன் கத்தின சத்தம் இன்னும் காதுல இருக்குதுன்னுவா. மூணு புள்ள பெத்தவ, வலிக்கு பயப்படற ஆளு இல்ல. அந்த ஊசிக்கு மட்டும் பயம்.

பையன கூப்புட்டாத்தான் இவ கேப்பான்னு நான் கம்பெனி கேட்டுக்கு ஓடினேன். வாச்மேன் உள்ள போன் பண்ணி கேட்டான். லைன்ல இருக்கறாரு, சிப்டு முடிஞ்சிதான் உடுவாங்கன்னு சொல்லிட்டாங்க. நான் என்னான்னு சொல்றது. மாடு கடிச்சிடுச்சின்னா அவன் சிரிக்கறான். கேட்டு கம்பியப் புடிச்சிக்கினு கொஞ்ச நேரம் நின்னுட்டு திரும்பி வந்தேன்.

ஊட்டுல அவ இல்ல. தெலுங்கம்மா கர்நாடகாவுல ஒரு எல மருந்துக்காரர் கிட்ட கூட்டிக்கினு போயிட்டாங்கன்னு எதுத்தூட்ல சொன்னாங்க. பார்டரத் தாண்டி ஒரு கிராமம். நாய்க்கடிக்கு அங்க ஞாயித்துக்கெழமையும் வியாழக்கெழமையும் கூட்டம் நிக்கும். நானும் கேள்விப்பட்டிருக்கேன். சாயந்தரம் ரெண்டு பேரும் வந்தாங்க. எம்பொண்டாட்டி ஒதடெல்லாம் பச்ச. வெறும் வயித்துல சாறு குடுத்தாராம். உப்பு, புளி, எண்ண, கறி எதுவும் கூடாது. ஒரு மண்டலம் ஊசி பக்கமே போவக்கூடாது, போனா எல முறிஞ்சிடும்னு சொல்லி அனுப்பியிருக்கறாரு. அவ நிம்மதியா இருந்தா. அதப் பாக்கத்தான் எனக்கு பயமா இருந்துச்சி.

பையன் வந்து அவனும் கெஞ்சினான். கேக்கல. நீ போய் தூங்குடா, சிப்டு முடிச்சி வந்திருக்கன்னு சொல்லிட்டா.

விடிஞ்சா மாடு செத்துக் கெடக்குது. தோலு வாங்கறவங்க மோப்பம் புடிச்சி வந்துட்டாங்க. தொடக்கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்கறாருன்னு நான் குச்சிய எடுத்துக்கினு நின்னேன். ஆழமா குழி வெட்டி, கையில பிளாஸ்டிக் கவரு மாட்டிக்கினு, கயித்துல இழுத்துப் போட்டு சுண்ணாம்பு கொட்டினோம். வயித்துல இருந்த கன்னுக்குட்டியும் அதோட போச்சி. மண்ணத் தள்ளறப்ப எனக்கு மாட்டு நெனப்பு இல்ல. இதே மாதிரி இன்னொரு குழி வெட்ட வெச்சிடாதன்னு எந்த சாமிகிட்ட சொல்றதுன்னு தெரியாம எல்லா சாமிகிட்டயும் சொன்னேன்.

குழிய மூடிட்டு வந்தா, ரெண்டு பேரும் வாசல்ல ஒக்காந்திருக்கறாங்க. தெலுங்கம்மா வேலைக்கு போகாம இவளுக்கு உப்பில்லாத கஞ்சி கொண்டாந்து ஆத்திக்கினு இருக்குது. நான் கையக் காலக் கழுவிக்கினு எதுக்க ஒக்காந்தேன். கஞ்சி ஆத்தற அந்தக் கைய பாத்துக்கினே இருந்தேன். ரோசா முள்ளு கீறி கீறி, வெரலெல்லாம் செவப்புக் கோடு. பழய கோடு மேல புதுக்கோடு. பூ அறுக்கற எல்லாருக்கும் கை அப்புடித்தான் இருக்கும், தெனமும் பாக்கற கை.

"ஏம்மா, நாக்கு புடிச்சது எந்தக் கையில?"

அது கஞ்சிய கீழ வெச்சிச்சி. ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பாத்துச்சி. முந்தாநாளு துணி வழுக்கி வெறுங்கையில புடிச்சத நெனச்சிருக்கும். கடிச்சாத்தானே அண்ணான்னு மெதுவா கேட்டுச்சி. கீறலு இருந்தா எச்சி பட்டாலே போதும்னு டாக்டரு சொன்னாரும்மான்னேன். அது மொகத்துல ரத்தம் இல்ல. எல மருந்து குடிச்சியான்னு கேட்டேன். இல்ல, கடி பட்டவங்களுக்குத்தான் குடுத்தாருன்னு சொல்லுச்சி. அதுக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க. புருசன் இல்ல.

எம்பொண்டாட்டி அதும் கையவே பாத்துக்கினு இருந்தா. நான் நடுவுல பேசினா கெட்டுடும்னு பயம்.

"எந்திரிடி," அவ தெலுங்கம்மாகிட்ட சொன்னா. "புள்ளைங்கள வெச்சிக்கினு எலையும் தழையும்னு இருக்கறியா. வா ஊசிக்கு."

"நீ வந்தா நான் வரேன்."

"எனக்கு எல முறிஞ்சிடும்."

"அப்ப நானும் வரல."

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் மொறச்சிக்கினு ஒக்காந்திருந்தாங்க. அப்புறம் எம்பொண்டாட்டி எழுந்து உள்ள போயி வேற புடவ மாத்திக்கினு வந்தா. தெலுங்கம்மாவ கொழாயடியில ஒக்கார வெச்சி, சோப்பு போட்டு, அவளே நின்னு தண்ணி ஊத்திக் கழுவினா.

டவுன்ல ஒரு ஆஸ்பத்திரி. வரிசையில நிக்கறப்பவே எம்பொண்டாட்டி முந்தானைய வயித்தச் சுத்தி இறுக்கி சொருகிக்கினா. நர்சம்மா புஜத்தக் காட்டுங்கன்னதும் இவளுக்குப் புரியல. வயித்துல இல்லையான்னு கேட்டா. அந்தக் காலம் போச்சிம்மா, இப்ப கையிலதான், அஞ்சு தடவ வரணும், ஒண்ண உட்டாலும் வீண்னு சொல்லுச்சி. ஊசி போட்டு முடிச்சதே தெரியலய்யான்னு இவ என்னைத் திரும்பிப் பாத்தா. அண்ணன நெனச்சி அழுதுட்டா.

எல சாறு குடிச்சது ஊசிய முறிக்காதான்னு நான் டாக்டர கேட்டேன். அது ஊசிய ஒண்ணும் பண்ணாது, ஊசி போடாம அத நம்பிக்கினு இருந்தாதான் ஆள முடிச்சிடும்னாரு. ஆனா இன்னொண்ணு சொன்னாரு. இந்த ஊசி வேல செய்ய ஒடம்புக்கு நாளாவும், அதுக்குள்ள வெஷம் முந்திக்கப் பாக்கும், அதத் தடுக்க காயத்துக்குள்ளயே ஒரு மருந்து போடணும், இந்தக் காயத்துக்கு அது கட்டாயம் வேணும்னாரு. அது இங்க தீந்துபோச்சி, பெங்களூரு போனா கெடைக்கும், இன்னைக்கே போயிடுங்கன்னு சொல்லிட்டாரு. ஏற்கனவே நாளு ஓடிடுச்சின்னு வாய்க்குள்ளயே சொல்லிக்கினாரு.

அன்னைக்குன்னு பாத்து தண்ணித் தகராறு. ரெண்டு ஸ்டேட்டுக்கும் ஆத்துத் தண்ணிக்கு எப்பவும் இருக்கறதுதான். தமிழ்நாட்டு பஸ்ஸு பார்டருக்கு இந்தப் பக்கம் ஜூஜூவாடியோட நின்னுடுச்சி. எல்லாரும் எறங்கி மூட்டைய தலையில வெச்சிக்கினு நடக்கறாங்க. நாங்களும் நடந்தோம். வெயிலு. லாரிங்க கண்ணுக்கெட்டற வரைக்கும் நிக்குது. எம்பொண்டாட்டி நேத்துல இருந்து உப்பில்லாம கஞ்சி குடிச்சவ, தள்ளாடறா. எனக்கு அவ தள்ளாடறது அந்த மாட்டு பின்னங்காலு தள்ளாடின மாதிரியே தெரியுது. வெயிலுதான், கஞ்சிதான்னு எனக்கு நானே சொல்லிக்கினு நடக்கறேன். திரும்பிப் பாக்க பயமா இருக்குது, பாக்காம இருக்கவும் பயமா இருக்குது.

பார்டருக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளி கிட்ட ரோட்ட மறிச்சிக்கினு கொடியோட பசங்க நின்னாங்க. பால் வண்டிய மட்டும் உடறாங்க. தெலுங்கம்மா எங்கள ஓரமா நிறுத்திட்டு நேரா அவங்க கிட்ட போச்சி. அதுக்கு கன்னடமும் வரும். எம்பொண்டாட்டி கைய எடுத்து தூக்கிக் காட்டி, ஹுச்சு நாயி கச்சிதேன்னு சொல்லுச்சி. வெறிநாயி கடிச்சிடுச்சின்னு அர்த்தம். மாடுன்னு சொன்னா இங்கயும் சிரிப்பாங்கன்னு அதுக்குத் தெரியும்.

அவ்வளவு நேரம் கத்திக்கினு இருந்த பசங்க சட்டுனு பின்னால போனாங்க. வழி தானா உண்டாச்சி. ஒருத்தன் ஓடிப்போயி பால் வண்டிய நிறுத்தி, ஏத்திக்கச் சொன்னான். நல்ல பசங்க. ஆனா டிரைவரு முன்னாடி சீட்ட காட்டாம, பின்னால கேன் வெக்கற எடத்துல ஏறுங்கன்னான். காலி கேனுங்க ஒண்ணோட ஒண்ணு மோதி கடகடன்னு சத்தம். அந்தச் சத்தத்துல எம்பொண்டாட்டி என் காதுகிட்ட வந்தா.

"என்னைப் பாத்து பின்னால போனாங்கல்ல?"

வெயிலுக்கு ஒதுங்கினாங்கன்னு சொன்னேன். கைய மடியில வெச்சி, அடுத்தவங்க கை மாதிரி பாத்துக்கினே வந்தா.

பெங்களூரு ஆஸ்பத்திரியில மருந்து இருந்துச்சி. காயத்துக்குள்ள, காயத்தச் சுத்தின்னு மணிக்கட்டு எலும்பு மேலயே குத்தி குத்தி போட்டாங்க. அங்க சதையே இல்ல, எங்கதான் போடுவாங்க. பல்லக் கடிச்சிக்கினு இருந்தா. தெலுங்கம்மாவுக்கும் வெரல் வெரலா போட்டாங்க, அது வாய்விட்டு அழுதுச்சி. அந்த டாக்டரு கன்னடத்துல ரொம்ப நேரம் பேசினாரு. என்னா சொல்றாருன்னு கேட்டேன். தெலுங்கம்மா எம்பொண்டாட்டிய வெளிய போயி ஒக்காரச் சொல்லிட்டு அப்புறம் சொல்லுச்சி. செய்ய வேண்டியது செஞ்சாச்சாம். கொஞ்சம் லேட்டாம். பாக்கி ஊசிய நாளு தப்பாம போடணுமாம். வரதா இருந்தா ரெண்டு மூணு மாசத்துல தெரியுமாம், அபூர்வமா வருசம் கூட ஆவுமாம். கடிச்ச எடத்துல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், அப்புறம் தண்ணி முழுங்க முடியாது, தொண்ட இழுத்துக்கும். அது வந்துடுச்சின்னா கூட்டிக்கினு வந்தும் பிரயோசனம் இல்லன்னாராம். இனிமே வராதுன்னு எப்ப நிச்சயமா தெரியும்னு கேளும்மான்னேன். அதுக்கு அவரு என் தோள்ல கைய வெச்சிட்டுப் போயிட்டாரு.

பாக்கி ஊசிக்கு எம்பொண்டாட்டிய நான் கூப்புடவே வேணாம். அவளே கெளம்பி நிப்பா. தெலுங்கம்மாதான் ஒரு தடவ லீவு உடலன்னு கொட்டாய்க்குப் போயிடுச்சி. இவ அங்கயே போயி, சூப்பர்வைசரு பாக்க, பூவோட அத இழுத்துக்கினு வந்துட்டா. பஸ்ல வரப்ப ரெண்டு பேருக்கும் சண்ட, இவ தமிழு, அது தெலுங்கு, பஸ்ஸே வேடிக்க பாத்துச்சாம்.

ஊசி முடிஞ்சிடுச்சி. எனக்கு முடியல. அவ மணிக்கட்ட சொறிஞ்சா எனக்கு உசுரு நின்னுடும். எறும்பு ஊருதான்னு கேப்பேன். கொசுய்யான்னுவா. காத்துக்கு கண்ண மூடினா, வெளிச்சத்துக்கு தலைய திருப்பினா, எல்லாம் எனக்கு அதுதான். எல்லாத்துலயும் மோசம் அவ தண்ணி குடிக்கற நேரம். பானையாண்ட சொம்பு சத்தம் கேட்டா நான் எங்க இருந்தாலும் வந்துடுவேன். தொண்டக்குழி ஏறி எறங்குதான்னு பாப்பேன். எறங்கினா எனக்கு மூச்சு வரும், அடுத்த தடவ வரைக்கும். சோத்துக்கு நடுவுல குடிச்சாலும் பாப்பேன். பையன் பாத்துட்டு, என்னாப்பா அம்மாவ இப்புடி பாக்கறன்னு கேட்டான். ஒண்ணும் இல்லடான்னேன். தண்ணி சேதிய நானும் தெலுங்கம்மாவும் யாருக்கும் சொல்லல.

கோசு அறுப்பு வேலைக்குப் போயிட்டு எம்பொண்டாட்டி ஒரு மத்தியானம் வந்தா. நாக்கு வறண்டு கெடந்திருக்கும். நேரா பானையாண்ட போயி சொம்ப வாயில வெச்சா. நான் வாசப்படியில நின்னு பாக்கறேன். பாதியில பொர ஏறிடுச்சி. மூக்கெல்லாம் தண்ணி, கண்ணு செவந்து, கழுத்தப் புடிச்சிக்கினு இருமறா. நான் அப்புடியே செவுத்தப் புடிச்சிக்கினு ஒக்காந்துட்டேன். என் காலுல மூத்திரம் போனது கூட அப்புறம்தான் தெரிஞ்சிது. அவ இருமி முடிச்சி, மூஞ்ச தொடச்சிக்கினு, என்னப் பாத்தா. எல்லாம் அவளுக்குத் தெரிஞ்சிருக்குது. எத்தன நாளா தெரியுமோ.

"நீ என் தொண்டைய பாக்காதய்யா. நீ பாத்தா எனக்கு எறங்க மாட்டேங்குது."

சரின்னேன். அதுக்கப்புறம் பாக்கல. அவ சொம்ப எடுத்தா நானா எழுந்து வெளிய போயிடுவேன். செவுத்துக்கு இந்தப் பக்கம் நிப்பேன். அவளும் செவுத்துக்கு அந்தப் பக்கம் நிப்பான்னு தெரியும். முன்னாடியெல்லாம் சத்தமே இல்லாம குடிக்கறவ. அன்னையில இருந்து மடக்கு மடக்குன்னு சத்தமா குடிக்கறா, எனக்குக் கேக்கணும்னு. வருசம் எத்தனையோ ஆச்சி, இன்னைக்கும் அப்புடித்தான் குடிக்கறா. நானும் கேட்டுக்கினுதான் இருக்கறேன்.